பழைய சங்கிலியை வைத்து அளந்தேன்

பிள்ளைகளே, சங்கிலி வாங்கத் தெரியாதவன் என்று உங்கள் மாமா என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கல்யாண வீட்டில் சொல்கிறார். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டே சொல்கிறார். போன மாதம் நம் பெரியவன் என்னிடமே வந்து, "ஏம்ப்பா, உனக்கு இஞ்சுக்கும் மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாதாமே?" என்று கேட்டான். இதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் சொல்வதுதான் நிற்கும். அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இருக்காது.

எனக்கும் உங்கள் மாமாவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. கல்யாணமான புதிதில் நான் கருவடிக்குப்பத்தில் உங்கள் அம்மா வீட்டிலேயே தங்கவேண்டியதாகிவிட்டது. எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி ஐந்து பேர், எனக்கென்று ஒரு மூலைகூட இல்லை. உங்கள் அம்மா வீட்டில் இரண்டு அறையும் ஒரு கூடமும். ஓர் அறை மாமியாருக்கு, இன்னோர் அறை எங்களுக்கு. வீட்டுக்குத் தலைவரான உங்கள் மாமா கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தன் கல்யாணம் என்று காத்திருந்த மனிதர். கட்டிக்கொடுத்த தங்கச்சியும் போகவில்லை, கட்டிக்கொண்டவனும் போகவில்லை. அவருக்கு இருந்த அந்த எரிச்சல் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் நான் இரக்கப்பட்டிருக்க மாட்டேன்.

இரண்டு பேருக்கும் ஒரே பஞ்சாலையில்தான் வேலை. அவர் பட்டறையில் ஃபிட்டர், ஆலையிலேயே கெட்டிக்காரர் என்று பேர். நான் கிடங்கில் மூட்டை எண்ணுகிறவன். என்னிடம் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு பொருள், மோட்டார் சைக்கிள். ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. இங்கிலீசு வண்டி, பந்தயத்துக்கென்றே செய்தது. கைப்பிடி தாழ்ந்து இருக்கும், ஓட்டுகிறவன் பெட்ரோல் தொட்டியின் மேல் கவிழ்ந்துதான் உட்காரவேண்டும். கிளப்பினால் தெருநாய்களெல்லாம் எழுந்து நிற்கும். அண்ணன் தம்பிகளோடு எனக்கு வந்த நிலப்பங்கை அதில்தான் போட்டேன். உங்கள் மாமா அதை மறக்கவே மாட்டார்.

"வண்டி மட்டும் ரேஸ் வண்டி, சோறு மட்டும் எங்கூட்டுச் சோறு" என்பார், எனக்குக் கேட்கும்படி, மாட்டைப் பார்த்துக்கொண்டு. சாப்பிட உட்கார்ந்தால், "மாப்ள, மோர் ஊத்திக்கிறியா, பெட்ரோல் ஊத்திக்கிறியா?" என்பார்.

"உங்க தங்கச்சி எத்த ஊத்துறாளோ அத்த ஊத்திக்கிறேன் மச்சான்" என்பேன்.

உங்கள் அம்மா இரண்டு பேரையும் பார்க்காமல் பரிமாறிவிட்டுப் போய்விடுவாள்.

இப்படி இரண்டு வருஷம். அப்போதுதான் ஆலையில் ஒரு பேச்சு வந்தது. நம் ஊர் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. இங்கேயிருந்து இங்கிலீசுக்காரன் எல்லைக்குள் போகிற ஒவ்வொரு மூட்டைக்கும் கோரிமேட்டுச் சுங்கச்சாவடியில் காகிதம் காட்டி முத்திரை வாங்கவேண்டும். மாட்டுவண்டிகள் விடியற்காலையே போய் அங்கே நிற்கும். காகிதம் சைக்கிளில் ஆடி அசைந்து போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். சொந்த மோட்டார் சைக்கிள் உள்ளவன் யாராவது இருந்தால் அந்த வேலைக்கு வரலாம், அவனுக்கு ஆலை லைனில், ஆலைக்காரர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில், இரண்டு அறை வீடு உண்டு என்று ஆலைத் துரை சொன்னதாகத் தலைமைக் குமாஸ்தா சொன்னார். திங்கட்கிழமை காலையில் ஒரு பரீட்சை. ஆறு மணிச் சங்கு ஊதியதும் காகிதத்தோடு புறப்படவேண்டும். முத்திரை வாங்கிக்கொண்டு ஏழு மணிச் சங்குக்குள் ஆலை வாசலுக்குள் வந்துவிடவேண்டும். ஏழு மணிக்கு வாசல் சாத்திவிடுவார்கள், யாராக இருந்தாலும் வெளியேதான்.

எனக்கு முத்திரையோ துரையோ காதில் விழவில்லை. வீடு என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அந்தக் கூடத்தைத் தாண்டாமல், அந்த முகத்தைப் பார்க்காமல் ஒருநாள் காலையில் எழுந்திருக்கலாம். அதற்காகக் கோரிமேடு என்ன, திண்டிவனத்துக்கே போய்வந்திருப்பேன்.

ஆனால் வண்டியில் சங்கிலி செத்துப்போயிருந்தது.

சங்கிலி செத்ததா இல்லையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்களில் யாராவது பின்னாளில் வண்டி வைத்துக்கொண்டால் உதவும். பின்சக்கரத்துப் பல்லின் மேல் சங்கிலி வளைந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில், நடுவில் ஒரு கண்ணியைப் பிடித்துப் பின்பக்கமாக இழுங்கள். நல்ல சங்கிலி அசையாது. பழசு விலகி வரும், பாதிப் பல் வெளியே தெரியும். பல்லையும் பாருங்கள். நேராக நிற்கவேண்டிய பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தூண்டில் முள்போல வளைந்திருந்தால் அதுவும் தீர்ந்தது. என் வண்டியில் சங்கிலியும் தீர்ந்து, முன்னே இருக்கும் சின்னப் பல்சக்கரமும் பின்னே இருக்கும் பெரிய பல்சக்கரமும் தீர்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மாமா வேலை விட்டு வந்தார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"செயினு மட்டும் மாத்துனா பழைய பல்லு புதுச் செயினத் தின்னுடும். பல்லு மட்டும் மாத்துனா பழைய செயினு புதுப் பல்லத் தின்னுடும். மூணையும் சேத்து மாத்தணும். மாப்ளக்கி இதெல்லாம் எங்க தெரியப்போவுது? மூட்டதான் எண்ணத் தெரியும். அதுவும் நூறுக்கு மேல தடுமாறும்."

நாலு பேரும் சிரித்தார்கள். அவர் சொன்னது முழுக்கச் சரி. அதைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லியிருந்தால் நான் கேட்டுக்கொண்டிருப்பேனோ என்னவோ. நாலு பேர் சிரிப்போடு சேர்த்துத் தந்தார். நான் சிரிப்பைத்தான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கிடங்கில் அரைநேரம். பழைய சங்கிலியைக் கழற்றிக் கோணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் அப்போது ஒரு மோட்டார் சாமான் கடை இருந்தது. சிடுமூஞ்சிக் கிழவர் ஒருவர் நடத்தினார். அந்தக் கடையில் பாதிச் சாமான் மார்செய்யிலிருந்து கப்பலில் வந்தது, மில்லிமீட்டர் கணக்கு. பாதி மதராசிலிருந்து எல்லை தாண்டி வந்தது, இஞ்சுக் கணக்கு. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு கணக்கு உண்டு. துணிக்கடையில் மீட்டர், தையற்காரரிடம் இஞ்சு. யாரும் குழம்புவதில்லை. துணி கொஞ்சம் மீந்தால் பாவாடைக்கு ஆயிற்று. இரும்பில் மீந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

கிழவர் என்னைப் பார்த்ததுமே சொன்னார்: "வாய்யா. உம்ம மச்சான் காலையிலியே வந்து சொல்லிட்டுப் போனாரு, நீர் வருவீருன்னு. இந்தச் செயின குடுக்கச் சொன்னாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வண்டிக்கு நான் சாமான் வாங்க அவர் ஏன் முந்திக்கொண்டு வரவேண்டும்? அந்தக் கிழவரும் உங்கள் மாமாவும் கூட்டு என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். விற்காமல் கிடக்கிற எதையோ என் தலையில் கட்டி, திங்கட்கிழமை நான் நடுரோட்டில் நிற்பதைப் பார்க்க இரண்டு பேரும் திட்டம் போட்டிருக்கிறார்கள். இப்படித்தான் நினைத்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆனால் இப்படித்தான் நினைத்தேன்.

முதலில் பல்சக்கரம் பார்த்தோம். வண்டியில் முன்னால் இருந்தது இருபது பல். வெள்ளைக்காரர் கடற்கரைச் சாலையில் பறப்பதற்காகப் போட்டது. முன் பல்சக்கரத்தில் பல் கூடினால் சமதரையில் வேகம், பல் குறைந்தால் மேட்டில் இழுவை. கோரிமேட்டு ஏற்றத்துக்கு எது நல்லது என்று நினைத்துப் பார்த்துப் பதினேழு பல் கேட்டேன். கிழவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"பரவால்லியே. ரேஸ் வண்டிக்காரனெல்லாம் பல்லு ஜாஸ்தியாதான் கேப்பானுவ. நீர் கம்மியா கேக்குறீரு. புத்தி இருக்குது."

அன்றைக்கு நான் சரியாகத் தேர்ந்தெடுத்தது அந்தப் பதினேழு பல் ஒன்றைத்தான். பின்சக்கரத்துக்கு இங்கிலீசு வண்டிக்குப் பொருந்துகிற பெரிய பல்சக்கரம் ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் இஞ்சுக் கணக்குச் சாமான்.

பிறகு சங்கிலி. கிழவர் ஒன்றை எடுத்துப் பலகையில் போட்டார். "இதான். அரையே அரைக்கால் இஞ்சு. எடுத்துக்கினு போம்."

"இருங்க. அளந்து பாக்கணும்" என்றேன்.

"அளக்க என்னா இருக்குது? நா சொல்றேன், உம்ம மச்சான் சொல்றாரு."

அவர் சொல்கிறார் என்பதற்காகவே அளந்தேன். சுவரில் ஓர் ஆணி. அதில் என் பழைய சங்கிலியைத் தொங்கவிட்டேன். பக்கத்தில் அவர் கொடுத்ததைத் தொங்கவிட்டேன். கண்ணிகளை எண்ணி இரண்டும் சமமாகப் பார்த்தேன். நூறு கண்ணிக்கு, புதுசு ஒரு விரற்கடை குட்டையாக நின்றது.

"பாத்தீங்களா? கொறையுது."

"யோவ், அது பழசுய்யா. பழசு நீண்டுபோவும்."

"இரும்பு எங்கியாவது நீளுமா?"

"நீளும். ஓட ஓட நீளும். உம்ம வாயி மாதிரி."

கடையில் இன்னொரு ஆணியில் எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு சங்கிலி தொங்கியது. அதைக் கேட்டேன். "அது பிரான்சு அளவு, பதினாறு மில்லிமீட்டர், உமக்கு ஆவாது" என்றார். விடாமல் வாங்கித் தொங்கவிட்டேன். நூறு கண்ணியும் என் பழைய சங்கிலியோடு ஒட்டிப்பிறந்ததுபோல நின்றது. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

கண்ணால் பார்த்தது எதிரே தொங்கும்போது, எனக்கு வேண்டாத இரண்டு பேர் சொல்வதை நான் ஏன் நம்பவேண்டும்? பிரெஞ்சுச் சங்கிலியையே எடுத்தேன்.

"எடுத்துக்கினா திரும்ப வாங்கமாட்டேன்" என்றார் கிழவர்.

"நா திருப்பிக் கொண்டாரமாட்டேன்" என்றேன். கடையை விட்டு இறங்கும்போது, ஏமாறாமல் தப்பித்தேன் என்று ஒரு பெருமை வேறு.

இப்போது உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். சங்கிலி இரும்பு என்றாலும் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசியும் அது சுற்றுகிற ஓட்டையும் இருக்கின்றன. ஓட ஓட ஊசி தேயும், ஓட்டை பெருகும். ஒரு கண்ணிக்கு ஒரு மயிரிழை இடம் வரும். நூறு கண்ணிக்கு நூறு மயிரிழை, சேர்த்தால் ஒரு விரற்கடை. கண்ணிக்குக் கண்ணி அரையே அரைக்கால் இஞ்சு, அதாவது இஞ்சில் எட்டில் ஐந்து பங்கு, என்பது பதினாறு மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. என் இங்கிலீசுச் சங்கிலி தேய்ந்து தேய்ந்து பிரெஞ்சுச் சங்கிலியின் அளவுக்கு வந்து நின்றிருந்தது. கெட்டுப்போனதை வைத்து நல்லதை அளந்தேன். வேறு ஊரிலென்றால் அந்த இரண்டாவது ஆணியில் அந்த இரண்டாவது சங்கிலி தொங்கியிருக்காது, எனக்கு இந்தத் தப்பைச் செய்யவே வழி இருந்திருக்காது.

அன்று சாயங்காலமே, பல்சக்கரங்களை மாற்றுவதற்கு முன்னால், அந்தச் சங்கிலியைப் பழைய பல்லின் மேல் போட்டுப் பார்த்தேன். கையுறைபோல உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? தேய்ந்த சங்கிலிக்குப் பழகி வளைந்த பல்லாயிற்றே. தெருக்கோடி வரைக்கும் ஓட்டினேன், சத்தமே இல்லை. திரும்பி வந்து உங்கள் மாமாவை நானே கூப்பிட்டேன்.

"மச்சான், வந்து பாருங்க. உங்க ஆளு தலயில கட்டப்பாத்தான். நா ஏமாறல."

அவர் வந்தார். குனிந்தார். இரண்டு விரலால் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். அதன் பக்கத்தில் அடித்திருந்த எழுத்தைப் படித்தார். ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார்.

"என்னா மச்சான், பேச்சக் காணோம்? ஃபிட்டரு கிடங்குக்காரன்ட்ட தோத்துட்டாரா?" என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். விரலில் ஒட்டிய எண்ணெயை என் வண்டி சீட்டிலேயே துடைத்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து புதுப் பல்சக்கரங்களைப் பூட்டினேன். அதன் மேல் அதே சங்கிலியைப் போட்டேன். சின்னச் சக்கரத்தில் உட்கார்ந்தது. பெரிய சக்கரத்தில் நாலைந்து பல் வரைக்கும் சரியாக உட்கார்ந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லின் மேல் ஏறிக்கொண்டது. கையால் சுற்றினால் கடக், கடக் என்றது. உங்கள் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்:

"இன்னாங்க, நேத்து சத்தமே இல்லன்னீங்க. இன்னிக்கு இப்பிடிப் பல்லக் கடிக்குது?"

"புதுசு. ஓடுனா படிஞ்சிடும்."

"அண்ணன வேணும்னா ஒரு வார்த்த கேக்கட்டுமா?"

"கேட்டின்னா லைன் வீட்டுக்கு நீ வராத. உங்கண்ணனோடவே இரு" என்றேன். அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பிறகு முன்னால் தள்ளி, மசகை அள்ளிப் பூசி, ஒருவழியாகச் சத்தத்தை அமுக்கிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன்.

திங்கட்கிழமை. ஆறு மணிச் சங்கு ஊதியது. தலைமைக் குமாஸ்தா காகிதத்தைக் கையில் கொடுத்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளப்பினேன். ஊரைத் தாண்டும் வரைக்கும் சமதரை, மெதுவாகத்தான் போனேன், கடக் கடக் என்றாலும் ஓடியது. கதிர்காமம் தாண்டியதும் எதிரே விறகுவண்டிகள். அவற்றை விலக்கிக்கொண்டு ஏற்றத்தில் போய், வேகம் போதாமல் கைப்பிடியை முறுக்கினேன். சங்கிலி இரண்டு பல் தாண்டிக் குதித்தது. மறுபடி முறுக்கினேன். படார் என்று ஒரு சத்தம். எஞ்சின் மட்டும் தனியாக அலறியது, வண்டி நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் செம்மண்ணில் செத்த பாம்புபோல என் சங்கிலி கிடந்தது. இணைப்புக் கண்ணியின் ஊசி முறிந்து, பக்கத்தில் இன்னும் இரண்டு கண்ணி பிளந்திருந்தன.

வண்டியை ஒரு பனைமரத்தில் சாய்த்துவிட்டுச் சாவடிக்கு ஓடினேன். அங்கே எங்கள் மாட்டுவண்டிக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். "துரை மோட்டார்ல ஆள அனுப்புறாருன்னாங்க, இந்தாளு ஓடியாறாரு" என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. முத்திரை வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினேன். வண்டியிடம் வந்தபோது ஆறரை தாண்டியிருக்கும். தள்ளிக்கொண்டு போனால் ஏழரை ஆகும். வீடு போயிற்று. உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு சைக்கிள் ஏறி வந்தது. உங்கள் மாமா. கைப்பிடியில் ஒரு கோணிப்பை.

என்னிடம் வந்து நின்று, சைக்கிளைப் படுக்கப் போட்டு, பையைக் கவிழ்த்தார். சங்கிலி. நான் கடையில் வேண்டாமென்று ஆணியில் விட்டுவந்த அதே அரையே அரைக்கால் இஞ்சு.

"தள்ளு" என்றார்.

"இது எங்க...?"

"நேத்து பூச முடிஞ்சி வாங்கினேன். நீ குளிக்கப் போனப்ப கண்ணி எண்ணி அறுத்து வெச்சேன். தள்ளுன்னேன்ல?"

"நேத்தே குடுத்திருக்கலாமில்ல?"

"குடுத்தா வாங்கியிருப்பியா நீ?"

அவர் மண்டியிட்டுப் பின்சக்கரத்தில் சங்கிலியைப் போட, நான் கீழேயிருந்து இழுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பல்லிலும் வந்து பொத்தென்று உட்கார்ந்தது. இரண்டு பேர் தலையும் முட்டுகிற அளவுக்குக் கிட்டே இருந்தன. நான் கேட்டேன்:

"எனக்காவ இவ்ளோ தூரம் ஏன் வந்தீங்க?"

"உனக்காவ நா ஏன்டா வரப்போறேன்?" என்றார் நிமிராமல். "ரெண்டு வருசமா கூடத்துல கெடக்குறேன். எனக்குப் பொண்ணு பேசியிருக்காங்க. வர்றவள எங்க படுக்க வெப்பேன், மாட்டுக்கொட்டாயிலியா? நீ இந்த வேலைய வாங்கினாத்தான் என் வீடு எனக்கு. இல்லன்னா உன் மூஞ்சிய எவன் பாப்பான்?"

இணைப்புக் கண்ணியின் கொக்கியை இடுக்கியால் அழுத்தி மாட்டினார். "போ. மணி ஆவுது. போயித் தொல."

நான் போனேன். சங்கிலி மழைத்தண்ணீர் ஓடுவதுபோல ஓடியது. ஏழு மணிச் சங்குக்குச் சில நிமிஷம் இருக்கும்போதே ஆலை வாசலுக்குள் நுழைந்துவிட்டேன். துரை முத்திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "பியென்" என்று ஒரு சொல் சொன்னார். பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தம். வண்டி சௌகரியமாக ஓடியதா என்று தலைமைக் குமாஸ்தா கேட்டார். ஓடியது என்றேன். மசகு அப்பிய கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சங்கு ஊதியது. வாசல் கம்பிக்கதவைச் சாத்தினார்கள். அது சாத்தி ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் வெளியே உங்கள் மாமா வந்து சைக்கிளை விட்டு இறங்கினார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பதினோரு வருஷ வேலையில் ஒருநாள்கூட அவர் சங்குக்குப் பிறகு வந்ததில்லை. துரை இன்னும் அங்கேயே நின்றிருந்தார். வாசல் குமாஸ்தா கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார்:

"என்னாய்யா ஃபிட்டரு, அதிசயமா கீது? எங்க போயிட்டு வர்ற?"

உங்கள் மாமா கம்பி வழியாக என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். என் வண்டி நின்றுபோயிற்று, அவர்தான் வந்து சரிசெய்தார். அதைச் சொன்னால் துரைக்குத் தெரிந்துவிடும், முதல் நாளே நடுவழியில் நின்ற வண்டி என்று. வீடு போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அவரே சொன்னார்: "சைக்கிள் செயினு அறுந்துபோச்சி."

"கேட்டீங்களாடா?" என்று வாசல் குமாஸ்தா உள்ளே திரும்பிக் கூவினார். "ஊரு மிஷினையெல்லாம் ஓட்டறவரு, அவரு சைக்கிள் செயினே அறுந்துபோச்சாம்!"

வாசலில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். தலைமைக் குமாஸ்தா அதைப் பிரெஞ்சில் சொல்ல, துரையும் சிரித்தார். பிள்ளைகளே, நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்றுதான் சிரித்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இரண்டு வருஷம் என்னைப் பார்த்து நாலு பேரைச் சிரிக்கவைத்த மனிதரைப் பார்த்து நாற்பது பேர் சிரிக்கிறார்கள். எனக்கு அது இனித்தது.

அவருக்கு அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசல் பலகையில் அவர் பேரைச் சாக்கட்டியால் எழுதிப்போட்டார்கள். அதோடும் போகவில்லை. பட்டறையில் நேற்றுச் சேர்ந்த பையன்கள்கூட, "ஃபிட்டரே, சைக்கிள் செயினு கெட்டியா இருக்குதா?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். வருஷக்கணக்காகக் கேட்டார்கள். தன் கைவேலை ஒன்றைத்தான் அவர் பெரிதாக நினைத்தார். அதிலேயே அடி விழுந்தது. அவர் என்னைச் சங்கிலி வாங்கத் தெரியாதவன் என்று ஊரெல்லாம் சொல்வது அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான். வாசலில் நடந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லமாட்டார். ஆகையால் அதை நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டதால் அவர் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மோர் ஊற்றிக்கொள்கிறாயா பெட்ரோல் ஊற்றிக்கொள்கிறாயா என்று கேட்ட வாய் எனக்கு இன்னும் ஆகாது. சோற்றைச் சொல்லிக்காட்டியவனை மன்னிக்கிற அளவுக்கு நான் பெரியவன் இல்லை. அவர் செய்தது வேறு, நான் செய்தது வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்கமுடியாது.

லைன் வீட்டுக்குப் போகிற அன்று பாத்திரமெல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றியாயிற்று. உங்கள் அம்மா அப்போது கைக்குழந்தையாக இருந்த பெரியவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உங்கள் மாமா வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு எப்படியோ வாய் வந்தது. "மச்சான், அன்னிக்கு வாசல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"அங்க பேசவேண்டியத இங்க பேசாத" என்றார்.

அப்புறம் உங்கள் அம்மாவிடம் திரும்பி, "நல்லது கெட்டதுக்கு வா. புள்ளயக் கூட்டிக்கினு வா. நீயும் புள்ளயும் மட்டும் வாங்க" என்று சொல்லிவிட்டு, நாங்கள் காலி செய்த அறையைப் பெருக்க விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த மாதமே அவருக்குக் கல்யாணம். உங்கள் அம்மாவை அவர் தெருவின் புளியமரத்து முனை வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். இன்றைக்கும் அப்படித்தான், நீங்கள் பார்க்கிறீர்கள். உங்களை முனையில் இறக்கிவிட்டு, திரும்பி வரும் வரைக்கும் நான் அங்கேயே நிற்கிறேன். அந்த வீட்டு ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால், குனிந்து சங்கிலியைப் பார்க்கிறவன்போல இருந்துவிடுவேன்.